விழுங்கும் கேமராவா, குழாய்க் கேமராவா?

இஸ்ரேலில் ஏவுகணைகளுக்கான படக்கருவிகளை வடிவமைத்த பொறியாளர் கேப்ரியல் இட்டான் உருவாக்கிய கேமரா மாத்திரைக்கு, 2001-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. நீளம் 26 மி.மீ., குறுக்களவு 11 மி.மீ. விழுங்கினால் போதும், நொடிக்கு 2 படம் வீதம் எடுத்து, இடுப்பில் கட்டிய பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே போகும். எட்டு மணி நேரத்தில் ஐம்பதாயிரம் படங்களுக்கும் மேல். இனி தொண்டைக்குள் கேமராக் குழாய் விடும் தொல்லையே இருக்காது என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. ஆனால் இன்றும் வயிற்றுக்கும் பெருங்குடலுக்கும் குழாய்தான். ஏன்?

மாத்திரை வென்ற இடத்தை முதலில் பார்ப்போம். சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர். வாய்வழி கேமராக் குழாய் விடும் எண்டோஸ்கோபி அதன் தொடக்கத்தோடு நின்றுவிடும். ஆசனவாய் வழியே பெருங்குடலுக்குள் குழாய் விடும் கொலோனோஸ்கோபி கடைசிச் சில அங்குலங்களைத்தான் எட்டும். குடலில் எங்கோ ரத்தம் கசிந்து ஒருவருக்கு ரத்தசோகை தீரவே இல்லை, இரண்டு சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால், முன்பு மருத்துவர்கள் தடுமாறித்தான் போனார்கள். அந்த இருட்டுக்குள் வெளிச்சம் கொண்டுபோனது கேப்சூல் என்ற இந்தக் கேமரா மாத்திரை. இதை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இங்கே அதற்குப் போட்டி, ஜப்பானின் ஹிரோனோரி யமமோட்டோ உருவாக்கிய இரட்டை பலூன் எண்டோஸ்கோபி. பலூன்களை மாற்றி மாற்றி ஊதி, குடலைக் குழாய்மேல் மடித்துக்கொண்டே முன்னேறும். சதைத் துணுக்கு எடுக்கலாம், ரத்தம் கசியும் புள்ளியைச் சுட்டு அடைக்கலாம். ஆனால் மயக்க மருந்து வேண்டும், மணிக்கணக்காகும், கைதேர்ந்தவர்கள் வேண்டும். அதனால் மாத்திரை இடத்தைக் காட்ட, பலூன் போய்ச் சரிசெய்வது என்று இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன.

பெருங்குடலில் கதையே வேறு. கொலோனோஸ்கோபியில் பாலிப், அதாவது குடல் சுவரில் முளைக்கும் சதைக்கட்டி தென்பட்டால், அங்கேயே கம்பி வளையத்தை மாட்டி அறுத்து எடுத்துவிடலாம். மாத்திரை பார்க்கும், தொட முடியாது. பாலிப் இருந்தால் நோயாளி மறுபடி பேதி மருந்து குடித்துவிட்டுக் குழாய்க்கே வர வேண்டும். குழாய் வழியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம்; மாத்திரையால் அது ஆகாது என்பதால் குடல் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2021-ல் 11,000 பேருக்கு மாத்திரை தரும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. கொரோனாவால் காத்திருப்போர் வரிசை நீண்டுவிட்ட நேரம் அது. அந்த நெருக்கடியில் நியாயமான முயற்சிதான்.

பணக் கணக்குக்கு வருவோம். குழாய்க் கருவியின் விலை அதிகம். ஆனால் ஒருமுறை வாங்கினால், ஒழுங்காகக் கழுவிக் கிருமி நீக்கி ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். மாத்திரை ஒவ்வொருவருக்கும் புதிது. போதாக்குறைக்கு, அத்தனை படங்களையும் ஒரு மருத்துவர் உட்கார்ந்து பார்க்க முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். செயற்கை நுண்ணறிவு இந்த நேரத்தைக் குறைத்தால்தான் மாத்திரைக்குச் சந்தை விரியும் என்பது என் கணிப்பு. சீன நிறுவனமான அன்கான், காந்தத்தால் வெளியிலிருந்தே திருப்பும் மாத்திரையைச் செய்து இரைப்பைக்குள்ளும் இறங்கியிருக்கிறது. மயக்க மருந்தும் வேண்டாம், குழாயும் வேண்டாம் என்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

நம் நாட்டில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. நூற்றில் ஒருவர் இருவருக்கு மாத்திரை குடலிலேயே தங்கிவிடும். குடல் சுருங்கியிருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். குடல் காசநோய் இங்கே அரிதல்ல, அது குடலைச் சுருக்கிவிடும். சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்து இழுக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஸ்கேன் பார்க்காமல் கேப்சூலைக் கையில் கொடுக்கவே கூடாது. சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போகலாம்.

நடுத்தர ஊர் மருத்துவமனை ஒன்று என்னிடம் யோசனை கேட்டால், நல்ல எண்டோஸ்கோப்பும் அதைக் கழுவத் தனி அறையும் பயிற்சி பெற்ற ஆளும் முதலில் என்பேன். ரத்தசோகையின் காரணம் பிடிபடாத நோயாளிகள் மாதத்துக்குச் சிலராவது வரத் தொடங்கிய பிறகு கேப்சூலை வாங்கலாம்.