நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய லிம்கா

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு லிம்கா வாங்க நாலு கடை ஏறி இறங்கினேன். முதல் மூன்று கடைகளிலும் ஃபிரிட்ஜ் நிறைய ஸ்பிரைட்டும் செவன் அப்பும்தான். "லிம்காவை யாரும் கேக்குறதில்லக்கா" என்றார் ஒரு தம்பி. நாலாவது கடையில், கீழ்த்தட்டில் இரண்டு பாட்டில் இருந்தன. பெரியது 40 ரூபாய்.

எண்பதுகளில் என் அப்பா வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தார். கொடைக்கானலில் இருந்து இறங்கும் பஸ் வந்து நின்றதும், கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி முகம் வெளுத்துப் போனவர்கள் நேராகக் கடைக்குத்தான் வருவார்கள். "அண்ணே, ஒரு லிம்கா." அப்பா ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு எடுத்து, துண்டால் ஈரத்தைத் துடைத்து, மூடியை உடைத்து நீட்டுவார். அங்கேயே நின்று குடித்துவிட்டுக் காலி பாட்டிலைத் தந்துவிட வேண்டும். ஒரு ஏப்பம் வந்ததும் ஆளுக்கு முகம் தெளிந்துவிடும். மசக்கையாக இருக்கும் மனைவிக்கென்று, பாட்டிலுக்கு முன்பணம் கட்டி வாங்கிப் போனவர்களும் உண்டு. கடையில் காளிமார்க் பொவண்டோவும் நன்றாக விற்கும். ஆனால் மலை பஸ் கூட்டத்துக்கு லிம்காதான்.

சரி, இப்போது வாங்கியது எப்படி? மூடியைத் திருகியதுமே எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை. எனக்கு இதுதான் லிம்கா. ஸ்பிரைட்டில் இனிப்பு முந்துகிறது, இதில் வாசனை முந்துகிறது. டம்ளரில் ஊற்றினால் அரிசி கழுவிய தண்ணீர் போல லேசாகக் கலங்கியிருக்கும். அது குறையில்லை. எலுமிச்சைத் தோலின் எண்ணெய் தண்ணீரில் கரையாது, விட்டால் மேலே வந்து மிதக்கும். அதைப் பானம் முழுக்கப் பரவி நிற்கச் செய்வதால் வருகிற கலங்கல் அது. அந்தக் காலத்தில் இதற்காகப் புரோமின் சேர்த்த தாவர எண்ணெயைக் கலப்பார்கள். 1990-ல் இந்தியாவில் அதற்குத் தடை வந்தது. நல்ல தடைதான். வேறு பொருள்களை வைத்தும் அந்தக் கலங்கலும் வாசனையும் நிற்கின்றனவே.

பார்லே நிறுவனம் 1971-ல் கொண்டுவந்த பானம் இது. 1977-ல் கோகோ கோலா நாட்டை விட்டுப் போனபின் தம்ஸ் அப், கோல்டு ஸ்பாட், லிம்கா மூன்றும்தான் கடைகளை ஆண்டன. 1990-ல் சாதனைப் புத்தகம் போடும் அளவுக்கு லிம்கா என்ற பெயருக்கு மதிப்பு இருந்தது. 1993-ல் திரும்பி வந்த கோகோ கோலா பார்லேயின் இந்தப் பெயர்களை எல்லாம் வாங்கிக்கொண்டது. 1999-ல் தன்னுடைய ஸ்பிரைட்டை இறக்கியது. பார்லேயிடம் சிட்ரா என்று தெளிந்த எலுமிச்சைப் பானம் ஒன்று இருந்தது. ஸ்பிரைட் இருந்த இடத்தில் அதற்கு வேலையில்லாமல் போய்விட்டது. கோல்டு ஸ்பாட்டும் போனது. லிம்கா தப்பித்தது. ஆனால் ஒரே வீட்டில் மூத்தாள் பிள்ளை மாதிரி ஓரமாக நிற்கிறது என்பது என் எண்ணம். விளம்பரமும் ஃபிரிட்ஜின் நடுத்தட்டும் ஸ்பிரைட்டுக்குத்தானே?

குடிக்கிறவர்கள் நன்றாகக் குளிரவைத்து, திறந்த அன்றே முடித்துவிடுங்கள். கேஸ் இறங்கினால் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான்.

நாலாவது கடை அண்ணனிடம், மாதம் நாலு பாட்டில் நான் எடுத்துக்கொள்கிறேன், லிம்கா போடுவதை நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தலையாட்டினார்.