பைண்டிங்கில் இல்லாத வசதி: சிடைப்ஸில் எடுப்பதா, சி-யில் சின்ன நூலகம் எழுதுவதா?

பைத்தானில் டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு நாள் வந்தே தீரும். ஜன்னல், பொத்தான் எல்லாம் வரைந்து தரும் டூல்கிட்டில் வசதி இருக்கும், அதன் சி ஆவணத்தில் விளக்கமும் இருக்கும், அதை பைத்தானிலிருந்து அழைக்க உதவும் பைண்டிங்கில் மட்டும் இருக்காது. குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கும் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் வேலை. எனக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் தமிழ் எழுத்துருவில்தான் வருகிறது. ஷீட், ஒட்டுப்பால், மொத்தம் எல்லாம் பில்லில் தமிழில் வர வேண்டும். கடைக் கணினியில் என்ன எழுத்துரு இருக்கிறதோ தெரியாது, அதனால் எழுத்துருக் கோப்பை மென்பொருளோடு சேர்த்து அனுப்பி, கணினியில் நிறுவாமல், ஓடும்போது மட்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும். சி ஃபங்ஷன்களை பைத்தானிலிருந்தே நேராக அழைக்கும் சிடைப்ஸ் மாட்யூல் உட்பட, ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு வேலையை வைத்தே பார்க்கலாம்.

ஓட்டையை அடைப்பது மட்டும்தான் கணக்கு என்றால் டிகே டூல்கிட்டின் பைத்தான் பைண்டிங்கான டிகிண்டரை அடிக்க ஆள் இல்லை. அதன் பைத்தான் கிளாஸ்களுக்கு அடியில் டிசிஎல் என்ற மொழியின் இன்டர்ப்ரிட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது, டிகே.கால் என்று எந்தக் கட்டளையையும் நேராக அனுப்பிவிடலாம். டிடிகே ஸ்பின்பாக்ஸ் (எண்ணை ஏற்றி இறக்கும் பெட்டி) பைத்தான் 3.7-இல்தான் சேர்ந்தது, அதற்கு முன்பே பலர் சில வரிகளில் சொந்த கிளாஸ் எழுதி அதைப் பயன்படுத்தினார்கள். ஜன்னலைத் தற்காலிகமாக முடக்கும் டிகே பிஸி கட்டளைக்கு 3.13 வரை பைத்தான் முகம் கிடையாது, டிகே.கால் இருந்ததால் அதற்காக யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சி தெரிய வேண்டாம், கிராஷ் பயம் இல்லை. ஆனால் லினக்ஸில் டிகே 8.6 எழுத்துகளை எக்ஸ்எஃப்டி நூலகம் வழியாக ஒவ்வொன்றாக வரைகிறது, தமிழுக்கு வேண்டிய எழுத்துக்கோர்ப்பு அதில் நடப்பதில்லை, ‘மொத்தம்’ என்பதில் கொம்பு மகரத்துக்கு முன்னால் வந்து நிற்காது. விண்டோஸில் தமிழ் சரியாக வரும், இருந்தாலும் தனி எழுத்துருவை ஏற்ற அங்கேயும் விண்டோஸின் சொந்த ஃபங்ஷனைத் தேடித்தான் போக வேண்டும். தமிழ் பில் அடிக்க வேண்டிய லினக்ஸ் கணினிக்கு டிகிண்டர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த டூல்கிட்டான கியூட்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்துருவை ஏற்றும் ஃபங்ஷன் அதன் பைண்டிங்குகளான பைகியூட்டி, பைசைட் இரண்டிலும் இருக்கிறது. விடுபட்டவை குறைவு, ஆனால் ஒன்று விடுபட்டுவிட்டால் சிரமம்தான்: அடியில் இருப்பது சி++, ஃபங்ஷன் பெயர்கள் கம்பைல் ஆகும்போது உருமாறிக் கிடக்கும், சிடைப்ஸால் நேரடியாக அழைப்பது நடைமுறையில் ஆகாது, பைண்டிங் உருவாக்கும் சிப் அல்லது ஷிபோகென் கருவியைக் கற்றுக்கொள்ள வேண்டும். உரிமத்தையும் பாருங்கள்: பைகியூட்டி ஜிபிஎல் (உங்கள் நிரலின் மூலத்தையும் திறந்து கொடுக்கச் சொல்லும் உரிமம்), இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கும் உரிமம். பைசைடுக்கு அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உண்டு.

நான் நிற்பது ஜிடிகே டூல்கிட் பக்கம். அது பயன்படுத்தும் பேங்கோ, ஹார்ஃப்பஸ் நூலகங்கள் தமிழை ஒழுங்காகக் கோர்க்கின்றன. அதன் பைத்தான் பைண்டிங்கான பைஜிஆப்ஜெக்டை யாரும் ஒவ்வொரு ஃபங்ஷனாக உட்கார்ந்து எழுதுவதில்லை. சி நிரலின் கமென்டுகளில் இருக்கும் குறிப்புகளைப் படித்து டைப்லிப் என்ற கோப்பு உருவாகிறது, பைத்தான் ஓடும்போது அதைப் பார்த்து அழைக்கிறது. குறிப்பு இல்லாதவையும், எத்தனை ஆர்க்யுமென்ட் என்று நிலையாக இல்லாத ஃபங்ஷன்களும் இதில் விழுந்துவிடும். லினக்ஸில் எழுத்துருக்களைத் தேடித் தரும் ஃபான்ட்கான்ஃபிக், ஜிடிகே பின்பற்றும் ஜிஆப்ஜெக்ட் முறையில் எழுதிய நூலகமே அல்ல, அதற்குக் கிடைக்கும் ஜிஐஆர் கோப்பு (டைப்லிப்பின் மூலம்) பெயருக்கு ஒன்று, எழுத்துரு ஏற்றும் ஃபங்ஷன் அதில் இல்லை.

இங்கே முதல் வழி சிடைப்ஸ். லிப்ஃபான்ட்கான்ஃபிக்கைத் திறந்து எஃப்சி-கான்ஃபிக்-ஆப்-ஃபான்ட்-ஆட்-ஃபைல் என்ற ஃபங்ஷனுக்கு முதலில் None, அடுத்து கோப்பின் பாதையை பைட்ஸாகக் கொடுத்தால் போதும், நாலைந்து வரிதான். திரையில் எந்த எழுத்தும் வரும் முன்பே, நிரலின் தொடக்கத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். இப்படி ஒரே ஒரு ஃபங்ஷன், எளிய ஆர்க்யுமென்ட் என்றால் யோசிக்காமல் சிடைப்ஸ்தான். விண்டோஸில் பேங்கோ இயல்பாக ஃபான்ட்கான்ஃபிக்கைப் பயன்படுத்துவதில்லை, எனவே இந்த வித்தை லினக்ஸுக்கு மட்டும்.

வேலை கொஞ்சம் பெரிதானால் கதை மாறும். தமிழ் ஆதரவுள்ள எழுத்துருக்களை மட்டும் பட்டியலிட்டுக் கடைக்காரரைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன தேட வேண்டும் என்று சொல்லும் பேட்டர்ன் உருவாக்கி, பட்டியல் வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயரை எடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் விடுவிக்க வேண்டும், வழியெங்கும் பாயின்டர்கள், அதாவது நினைவக முகவரிகள். சிடைப்ஸில் திரும்பி வருவது என்ன வகை என்று சொல்லாமல் விட்டால் அது 32 பிட் எண் என்றே எடுத்துக்கொள்ளும், 64 பிட் கணினியில் பாயின்டரின் பாதி வெட்டுப்பட்டுப் போகும். அப்புறம் வருவது எக்ஸெப்ஷன் அல்ல, நிரல் மொத்தமாகச் சாய்வது. கால்பேக் (சி நூலகம் திரும்ப அழைக்கும் பைத்தான் ஃபங்ஷன்) கொடுத்தால் அதை பைத்தானில் ஒரு மாறியில் பிடித்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பை சேகரிப்பில் அது போய்விட்டு, எப்போதோ ஒரு நேரம் விழும். என் மேசையில் விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம். குலசேகரத்தில் மழை விட்ட நாளில் ஷீட்டோடு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது விழுந்தால், நாகர்கோவிலில் இருந்து நான் போய்ச் சேரும்வரை கடைக்காரர் துண்டுக் காகிதத்தில்தான் எழுத வேண்டும். அதை நான் அவருக்குச் செய்ய மாட்டேன்.

அதனால் இரண்டாம் வழி: சி-யில் ஒரு சின்ன நூலகம். பாயின்டர் வேலையெல்லாம் அதற்குள்ளேயே முடிந்து, வெளியே ஒரே ஃபங்ஷன், திரும்புவது சரங்களின் பட்டியல். மேலே கமென்டில் யார் விடுவிக்க வேண்டும் என்ற குறிப்பு. மெசான் என்ற பில்ட் கருவி வழியாக, அந்தக் குறிப்புகளைப் படிக்கும் ஜி-ஐஆர்-ஸ்கேனரை ஓட்டினால் டைப்லிப் தயார், பைத்தானுக்கு அது சாதாரண லிஸ்டாகவே வந்து சேரும். தவறான வகை கொடுத்தால் டைப்எரர், உள்ளே கோளாறு என்றால் ஜிஎரர் வழியாக எக்ஸெப்ஷன், அதைப் பிடித்து லாகில் எழுதிவிட்டு இருக்கும் எழுத்துருவிலேயே பில் அடிக்கலாம். கம்பைல் செய்து அனுப்ப வேண்டும், டைப்லிப் பாதையைச் சொல்ல வேண்டும், இவ்வளவுதான் கூடுதல் பாடு. பட்டியல் மட்டும்தான் தேவை, வேறெதுவும் வராது என்றால் ஃபான்ட்கான்ஃபிக்கின் எஃப்சி-லிஸ்ட் கட்டளையை ஓட்டி அதன் வெளியீட்டைப் படிப்பதும் நேர்மையான வழிதான்.

டூல்கிட்டின் மூலத் திட்டத்துக்கே பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்புவதையும் விடாதீர்கள், பல ஓட்டைகளுக்கு ஒரு வரிக் குறிப்பு போதும். ஆனால் அது கடைக்கு வந்து சேரக் காலம் பிடிக்கும். எழுத்துரு ஏற்றும் வசதி பேங்கோ 1.56-இல் முறையாகவே வந்துவிட்டது, டெபியன் 13-இல் கிடைக்கிறது, உபுண்டு 24.04-இல் இருப்பதோ 1.52. ஆகவே நிரலில் முதலில் ஹாஸ்ஆட்டர் போட்டு பேங்கோவின் ஃபங்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மட்டும் சிடைப்ஸ் பக்கம் போகட்டும். கடைசிக் கடையும் புதிய பதிப்புக்கு மாறியதும் அந்த வரிகளை அழித்துவிடலாம்.