சட்டம் படிக்கிறவர்களுக்கான இந்த சென்டர்: டிராஃப்டிங்குக்குத் தாராளமாகச் சேரலாம், ஜட்ஜ் பேட்சுக்கு யோசித்துச் சேருங்கள்

கோயம்புத்தூர் கோபாலபுரத்தில் கோர்ட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்த சென்டர். செமஸ்டர் பாடம், டிராஃப்டிங் (நோட்டீஸ், மனு எழுதுவது), மூட் கோர்ட் (மாதிரி கோர்ட்டில் வாதாடிப் பழகுவது), இன்டர்ன்ஷிப், பார் எக்ஸாம், சிவில் ஜட்ஜ் தேர்வு என்று எல்லாவற்றுக்கும் போர்டு மாட்டியிருக்கிறார்கள். நான் ஐந்து வருட பி.ஏ. எல்.எல்.பி. கடைசி வருடம், ஊர் கோபி பக்கம். வார இறுதி பேட்ச்சில் ஆறு மாதம் படித்தேன். ஹாஸ்டலில் ஜூனியர்கள் சேரலாமாக்கா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எதற்குச் சேரலாம், எதற்கு வேண்டாம் என்று ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு வாய்தா என்றால் என்ன, நகல் மனு எங்கே போட வேண்டும், எந்த சீனியர் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார் என்பதெல்லாம் சாப்பிடும்போதே காதில் விழுந்துவிடும். தோட்டம், தறி, பனியன் கம்பெனி என்று இருக்கிற வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அது விழாது. கல்லூரியில் சட்டம் சொல்லித்தருகிறார்கள், நன்றாகவே சொல்லித்தருகிறார்கள், ஆனால் சட்டத்தை வைத்து ஒரு காகிதம் எழுதுவது, ஒரு ஆபீஸுக்குள் போய் நிற்பது, இதையெல்லாம் யாராவது கூட உட்கார்ந்து காட்ட வேண்டியிருக்கிறது. இந்த சென்டர் அந்த வேலையைச் செய்கிற இடங்களில் அருமையாக இருக்கிறது, வெறும் நோட்ஸ் விற்கிற இடங்களில் சுமார்.

டிராஃப்டிங் வகுப்பு எடுப்பவர் கோர்ட்டில் இன்னும் பிராக்டிஸ் செய்கிற ஒரு மேடம். முதல் வகுப்பிலேயே புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரர் ஈரோட்டு நூல் வியாபாரிக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது, கணக்கில் பணமில்லை என்று பேங்க் மெமோ வந்திருக்கிறது, நோட்டீஸ் எழுதுங்கள் என்றார். அவ்வளவுதான் தகவல். எழுதி முடித்த பிறகு போர்டில் ஒரு கோடு போட்டு அதில் தேதிகளைக் குறிக்க வைத்தார். செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பேங்கில் போட்டிருக்க வேண்டும், திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், நோட்டீஸ் கையில் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம், அதிலும் பணம் வரவில்லை என்றால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். வழக்கு எந்த ஊரில் என்று கேட்டதற்கு வகுப்பில் பாதிப் பேர் திருப்பூர் என்றார்கள். நூல் வியாபாரி தன் ஈரோட்டுக் கிளைக் கணக்கில்தான் செக்கைப் போட்டார், ஆகவே 2015 திருத்தத்துக்குப் பிறகு ஈரோட்டில்தான் என்று பிரிவைப் படிக்க வைத்துக் காட்டினார். ஒரு பையன் செக் தொகை, வட்டி, வக்கீல் ஃபீஸ் எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டு எழுதியிருந்தான். "தம்பி, செக் தொகைய தனியாப் பிரிச்சுக் காட்டுங்க, இல்லீன்னா எதிர்த்தரப்பு வக்கீலு இதையே புடிச்சுக்குவாரு" என்று சிவப்பு மையில் அந்த வரியை அடித்துவிட்டு, அதே இடத்தில் திரும்ப எழுத வைத்தார். செக் திரும்புவதைக் குற்றமாக்குகிற, நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138ஆம் பிரிவைப் பரீட்சைக்குப் பத்து மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். நம்ம ஊர்களில் கோர்ட்டுக்கு வருகிற கேஸில் செக் கேஸ் எவ்வளவு என்று எந்த ஆபீஸில் உட்கார்ந்தாலும் தெரியும், அதனால் இந்த ஒரு வகுப்பே எங்களுக்குப் பெரிய சொத்து.

அதே மேடம் எடுத்த பாகப்பிரிவினை வகுப்பையும் சொல்லியாக வேண்டும். கோபிப் பாசனத்தில் எட்டு ஏக்கர், ஒரு கிணறு, அப்பா 2001இல் இறந்துவிட்டார், மகளுக்குக் கல்யாணம் ஆனது 1987இல், அண்ணன் பங்கு தர மாட்டேன் என்கிறார், பிராது எழுதுங்கள் என்றார். "அம்மிணிக்கு நகை போட்டுச் சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அப்புறம் தோட்டத்துல என்ன பங்கு" என்கிற பேச்சைக் கேட்காத வீடு நம்ம பக்கம் இருக்காது, அதனால் வகுப்பே கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த 1989 திருத்தமே மகளைப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே கூட்டுப் பங்காளி ஆக்கியது, ஆனால் அந்த வருடம் மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. அது அமலுக்கு வந்த அந்த வருடம் செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பத்திரம் பதிந்தோ கோர்ட் தீர்ப்பாணை மூலமோ பாகம் பிரித்திருந்தால் அதைக் கிளற முடியாது. ஆகவே கட்சிக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "பாகப் பத்திரம் இருக்குதுங்களா, எந்தத் தேதி?" என்பதுதான். மேடம் இதை நேரடியாகச் சொல்லவில்லை, நாங்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தார். இப்படிச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு.

குற்றவியல் வகுப்பு எடுக்கிற சார் ஓய்வுபெற்ற அரசு வக்கீல். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்பட மூன்று புதுச் சட்டங்கள் வந்த பிறகு சீனியர்களே பிரிவு எண்ணில் தடுமாறுகிறார்கள். இவர் பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே நடத்துகிறார், அதுதான் சரி, ஏனென்றால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. பிரிவுதான், அந்தக் கேஸ்கள் இன்னும் பல வருடம் ஓடும். 482 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில் அது ஹைகோர்ட்டில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கிற பிரிவு, அதற்குப் பதிலாக வந்த புதிய பி.என்.எஸ்.எஸ்.ஸில் அதே எண் முன்ஜாமீனுக்கு. ரத்து செய்யக் கேட்பது இப்போது 528. பிரிவு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்கிற பிள்ளை இங்கே தடுக்கி விழும். சார் கொடுக்கிற ஒப்பீட்டு அட்டவணை அச்சு கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, நல்ல பேப்பரில் போட்டுத் தரலாம்.

இன்டர்ன்ஷிப் ஏற்பாடு பாதி நல்லது, பாதி சரியில்லை. பார் கவுன்சில் விதிப்படி ஐந்து வருடப் படிப்புக்கு 20 வாரம், மூன்று வருடப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும், ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. சென்டரில் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு சீனியர்கள் சிலரிடம் பேசி அனுப்புகிறார்கள். என்னை அனுப்பிய சிவில் ஆபீஸில் குமாஸ்தா அண்ணன்தான் எனக்குப் பாதி வாத்தியார், வக்காலத்தில் ஸ்டாம்ப் ஒட்டுவதிலிருந்து, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். நம்பரைப் போட்டு மொபைலில் வாய்தா பார்ப்பது, கட்டு பிரித்து அடுக்குவது வரை பொறுமையாகக் காட்டினார். சாட்சி விசாரணை நடக்கிற நாளில் சீனியர் கட்டாயம் கூட்டிக்கொண்டு போவார். என் தோழியை அனுப்பிய ஆபீஸில் சீனியர் பெரும்பாலும் சென்னையில், அவள் நாள் முழுக்கக் காலி அறையில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கி வந்ததோடு சரி. சென்டரில் சொன்னதற்கு "வேற ஆபீஸ் பாக்கலாங்கண்ணு" என்றார்கள், வாரங்கள் போய்விட்டன. அனுப்பிவிட்டு நடுவில் ஒரு போன் போட்டு விசாரிக்கிற வழக்கம் அவர்களுக்கு வேண்டும், இதை அவர்களிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு விஷயத்துக்குக் கட்டாயம் நன்றி சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் அம்மா கேட்கிற கேள்வி, "ஏங்கண்ணு, வக்கீலுக்குப் படிச்சா மாசச் சம்பளம் வருமா?" கெரியர் வகுப்பில் அதை மறைக்காமல் பேசினார்கள். 2024 ஜூன் மாதம் மெட்ராஸ் ஹைகோர்ட், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. நடைமுறையில் எல்லா ஆபீஸிலும் அது வருவதில்லை. சேருவதற்கு முன்பே மரியாதையாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள், எப்படிக் கேட்பது என்று இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்துப் பேசிப் பழக்கினார்கள். "சார், மாசம் எவ்வளவுங்க?" என்று வாயைத் திறந்து கேட்கவே எங்களில் பலருக்குக் கூச்சம். கம்பெனிப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கும் உருப்படியாகச் சொன்னார்கள்: இங்கே பம்ப்செட், ஃபவுண்டரி, மில், எக்ஸ்போர்ட் என்று சின்ன கம்பெனிகள் நிறைய, சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிற எம்.எஸ்.எம்.இ. சட்டமும், தொழிலாளர் சட்டமும், ஒப்பந்தம் எழுதுவதும் தெரிந்த இளம் வக்கீலுக்கு சென்னை போகாமலே வேலை உண்டு.

இனி எதற்குப் பணம் கட்ட வேண்டாம் என்று பார்க்கலாம். வக்கீலாகத் தொழில் செய்யப் பாஸாக வேண்டிய அகில இந்திய பார் தேர்வுக்கான கிராஷ் கோர்ஸ் தேவையே இல்லை. 100 கேள்வி, தவறான விடைக்கு மார்க் கழிப்பதில்லை, பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம் எடுத்தால் பாஸ், தமிழிலும் எழுதலாம், குறிப்பு எழுதாத பேர் ஆக்ட்டை (விளக்கவுரை இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தை) உள்ளே எடுத்துப்போகலாம். 2024லிருந்து கடைசி செமஸ்டரிலேயே எழுத வழி வந்துவிட்டது. பேர் ஆக்ட்டின் பொருளடக்கத்தைப் பார்த்ததும் பிரிவைக் கண்டுபிடிக்கிற பழக்கம் இருந்தால் போதும், அதை இந்த சென்டரின் சாதாரண பேட்ச்சிலேயே பழக்குகிறார்கள். பேர் ஆக்ட் வாங்கக் காசில்லாதவர்கள் இந்தியா கோட் தளத்தில் சட்டங்களை இலவசமாக எடுத்துப் படிக்கலாம், தேர்வு அறைக்கு மட்டும் புத்தகம் வேண்டும்.

அதேபோல் என்ரோல்மென்ட், அதாவது பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவது. வேறொரு இடத்தில் எனக்கு வேண்டிய ஒரு அண்ணனிடம் "பதிவு பேக்கேஜ்" என்று ஒரு பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். இந்த சென்டரில் அப்படியில்லை. 2024 ஜூலை 30 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி என்ரோல்மென்ட் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய், ஸ்டாம்ப் செலவு தனி, ஃபார்மை நீங்களே நிரப்புங்கள் என்று வகுப்பிலேயே சொல்லி நிரப்ப வைத்தார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஆனால் அதே நேர்மை சிவில் ஜட்ஜ் பேட்ச்சில் இல்லையே என்றுதான் வருத்தம். 2025 மே 20 அன்று சுப்ரீம் கோர்ட், சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத மூன்று வருட பிராக்டிஸ் வேண்டும் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டது. தற்காலிக என்ரோல்மென்ட் தேதியிலிருந்து கணக்கு, கோர்ட்டின் தலைமை நீதிபதியோ, அவர் ஒப்புதலோடு பத்து வருட அனுபவமுள்ள வக்கீலோ சர்டிஃபிகேட் தர வேண்டும். அப்படியிருக்க, இன்னும் என்ரோல் ஆகாத கடைசி வருடப் பிள்ளையிடம் 28,000 ரூபாய் வாங்கி ஒரு வருட பேட்ச்சில் சேர்ப்பது சரியில்லை. படிப்பது வீண் என்று சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து எழுதப்போகிற தேர்வு என்பதை ஃபீஸ் வாங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டும், கேட்டால்தான் சொல்கிறார்கள். அதிலும் டி.என்.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் மூன்று சட்டத் தாளோடு மொழிபெயர்ப்புத் தாளும் 100 மார்க். தமிழில் பதிவான சாட்சியத்தை ஆங்கிலத்திலும், ஆங்கில ஆவணத்தைத் தமிழிலும் எழுத வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இதில் நல்ல மார்க் எடுக்க வாய்ப்பு இருக்கிறது, அவர்களுக்குத் தினமும் எழுதித் திருத்தித் தர ஆள் வேண்டும். அந்த பேட்ச்சில் படிக்கிற அக்கா சொன்னபடி மாதம் ஒரு தடவைதான் மொழிபெயர்ப்பு வகுப்பு. சேர்ந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வார இறுதி பேட்ச் ஆறு மாதத்துக்கு 9,000 ரூபாய், மூன்று தவணையில் கட்டலாம். அறை சின்னது, முப்பது பேர் உட்கார்ந்தால் புழுக்கம், ரோட்டு இரைச்சல் உண்டு. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. லைப்ரரியில் பழைய ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுப்பு வால்யூம்கள் இருக்கின்றன, புதுச் சட்டங்களுக்கு விளக்க நூல்கள் குறைவு. ஞாயிறு வகுப்பு ஐந்து மணிக்கு முடியும் என்று சொல்லி ஆறு வரை இழுக்கிறது, காந்திபுரம் போய் சத்தி, கோபி பஸ் பிடிக்கிறவர்கள் ஐந்துக்கே எழுந்து போகலாம், மேடம் கோபித்துக்கொள்ள மாட்டார், விட்டுப்போனதை அடுத்த வாரம் கேட்டால் சொல்லித்தருவார்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை டிராஃப்டிங் வகுப்பில் சும்மா உட்கார விடுகிறார்கள், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள், அன்றைக்கே எழுதச் சொல்வார்கள்.