இன்டெல் 82574எல் கார்ட்: டிஎம்ஏ பிழை தேடிப் பழக வாங்கலாமா?

திருகோணமலையில் கணினிக் கடைக்குப் போய் "நெட்வேர்க் கார்ட் இருக்கா?" என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் ரியல்டெக்தான். இன்டெல் 82574எல் சிப் உள்ள பிசிஐஇ கார்ட் வேண்டுமென்றால் சிப்பின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். பாவித்த சேர்வரிலிருந்து கழற்றியது கொழும்பிலிருந்து பார்சலில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். வீட்டில் இணையம் பார்க்க இந்த அலைச்சல் தேவையே இல்லை. லினக்ஸில் சொந்தமாக ஒரு நெட்வேர்க் டிரைவர் எழுதி, அதன் டிஎம்ஏ (சிபியூவின் கை படாமல் கார்டே நினைவகத்தில் நேரடியாக வாசித்து எழுதும் முறை) எந்த இடத்தில் பிசகுகிறது என்று தேடிப் பழக நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் கார்ட். அந்த வேலைக்கு இது அருமையான கார்ட். ஆனால் அதன் நல்ல குணமே சில பிழைகளை மூடி மறைத்துவிடுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

முதலில் நல்ல பக்கம். சிப்பின் டேட்டாஷீட் முழுவதையும் இன்டெல் வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் விளக்கம் உண்டு. பழைய பாணி டிஸ்கிரிப்டர் (பொதி வைக்கும் நினைவக இடமான பஃபர் எங்கே என்று கார்டுக்குச் சொல்லும் குறிப்பு) ஒன்று 16 பைட். அதில் முதல் 8 பைட் பஃபரின் முகவரி. நீளமும் நிலையும் மற்றவையும் மீதி 8 பைட்டுக்குள் அடக்கம். 256 டிஸ்கிரிப்டர் போட்டால் அவற்றின் வட்ட வரிசையான ரிங் சரியாக 4096 பைட், அதாவது ஒரு பக்கம். வரும் பொதிகளுக்கான ரிங்கின் அடி முகவரி ஹெக்ஸ் 2800இல், நீளம் 2808இல், தலை 2810இல், வால் 2818இல். அனுப்பும் பக்கத்துக்கு இதே வரிசை 3800இலிருந்து. ரிங்கின் நீளம் 128இன் மடங்காக இருக்க வேண்டும். தலையிலிருந்து வாலுக்கு முந்தியது வரைதான் கார்டுக்குச் சொந்தம். தலையும் வாலும் ஒன்றாகிவிட்டால் "எனக்கு ஒன்றும் தரவில்லை" என்று கார்ட் சும்மா இருந்துவிடும். புதிதாக எழுதுபவர்கள் 256 பஃபரையும் நிரப்பிவிட்டு வாலை 0 என்று எழுதுவதும், ஒரு பொதிகூட வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதும் இதனால்தான். வால் 255 ஆக இருக்க வேண்டும். ஒரு டிஸ்கிரிப்டர் எப்போதும் சும்மா கிடக்கும்.

அதைவிட எளிதான இன்னொரு பிசகு, பிசிஐ_செட்_மாஸ்டர் அழைப்பை மறந்துவிடுவது. ரெஜிஸ்டர் எல்லாம் ஒழுங்காக வாசிக்கும், லிங்க் விளக்கும் எரியும், ஆனால் எந்த டிஸ்கிரிப்டரிலும் "முடிந்தது" பிட் ஏறாது. பிழைச் செய்தியும் வராது. எல்எஸ்பிசிஐ கட்டளையின் விரிவான வெளியீட்டில் பஸ்மாஸ்டர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கழித்தல் குறி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கார்டுக்கு நினைவகத்தைத் தொட அனுமதியே இல்லை.

கார்டைக் கடையில் வைத்தே சோதிக்கலாம். லினக்ஸ் லைவ் யூஎஸ்பி ஒன்று போதும். பிசிஐ எண் 8086:10டி3 என்று வர வேண்டும். பிறகு ஈத்டூல் கட்டளையின் ஆஃப்லைன் சுயசோதனையை ஓடவிடுங்கள்: ரெஜிஸ்டர், ஈப்ரொம், இன்டரப்ட், லூப்பேக், லிங்க் என்று ஐந்து. இவற்றில் நமக்கு முக்கியம் லூப்பேக். 1024 பைட் பொதிகளை நினைவகத்திலிருந்து கார்ட் டிஎம்ஏ வழியாக இழுத்து, தனக்குள்ளேயே திருப்பி, மறுபடி டிஎம்ஏ வழியாக நினைவகத்தில் எழுதும். வந்த பொதியில் எதிர்பார்த்த பைட்டுகள் இருக்கின்றனவா என்று டிரைவர் பார்க்கும். கேபிள் செருகாவிட்டால் லிங்க் சோதனை தோற்கும், அது குற்றமில்லை. ஈப்ரொம் சோதனை தோற்றால் வாங்க வேண்டாம். இந்தச் சிப்புக்கு அந்தப் பயம் புதிதல்ல. 2013இல், குறிப்பிட்ட பைட் உள்ள ஒரு பொதி வந்தாலே 82574எல் உறைந்துபோகிறது என்று பேச்சு எழுந்தபோது, ஒரு மதர்போர்ட் தயாரிப்பாளர் ஈப்ரொம்மைத் தவறாக எழுதியதே காரணம் என்று இன்டெல் விளக்கியது.

கடலோர ஊர் என்பதால் இன்னொரு சோதனையும் சேருகிறது. உப்புக் காற்று பட்ட கார்டின் பொன்னிறத் தொடுமுனை மங்கியிருந்தால் பிசிஐஇ இணைப்பில் தடங்கல் வரும். அது டிரைவர் பிழைபோலவே வேடம் போடும்: வேகம் குறையும், இடையிடையே நிற்கும். பிசிஐஇ பிழைகளைக் கேர்னல் அறிவிக்கும் ஏஇஆர் செய்திகளில் "பேட்டிஎல்பி", "பேட்டிஎல்எல்பி" என்ற திருத்தக்கூடிய பிழைகள் ஏறிக்கொண்டே போனால் உங்கள் கோடில் கை வைக்காதீர்கள். கார்டைக் கழற்றி ஐசோபுரோபைல் அற்ககோல் தொட்ட துணியால் முனைகளைத் துடைத்து மறுபடி செருகுங்கள். மாரி காலத்தில் கார்டைச் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில் வைப்பது நல்லது.

இனிப் பிழை தேடும் வேலை. வழக்கமான டிஸ்ட்ரோ கேர்னலில் டிஎம்ஏ சோதனை வசதி பொதுவாக அணைந்தே இருக்கும். கேர்னல் அமைப்பில் டிஎம்ஏ ஏபிஐ டீபக் என்பதை இயக்கி நீங்களே கம்பைல் பண்ண வேண்டும். ஏஎம்டியின் யோர்க் ரோடல் எழுதி 2009இல் 2.6.30 கேர்னலோடு வந்த வசதி இது. டிரைவர் செய்யும் ஒவ்வொரு மேப்பையும் (பஃபரைக் கார்டின் பாவனைக்குத் திறந்துவிடுவது) கணக்கில் வைத்து, அன்மேப் (அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது) வரும்போது ஒத்துப்பார்க்கும். ஒரு தொல்லை: இயல்பாக முதல் பிழையை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். டீபக்எஃப்எஸ்ஸில் டிஎம்ஏ-ஏபிஐ அடைவுக்குள் ஆல்_எரர்ஸ் கோப்பில் 1 எழுதுங்கள். டிரைவர்_ஃபில்டர் கோப்பில் உங்கள் டிரைவரின் பெயரை எழுதினால் மற்றவர்களின் புலம்பல் வராது.

அது சொல்லும் ஒரு செய்தியைக் கிட்டத்தில் பார்ப்போம். "டிரைவர் வேறு அளவில் நினைவகத்தை விடுவிக்கிறது, மேப் அளவு 42 பைட், அன்மேப் அளவு 60 பைட்" என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. இரண்டு எண்ணிலேயே கதை முழுதும் இருக்கிறது. 42 என்பது, ஓர் ஐபி முகவரி எந்தக் கார்டுடையது என்று கேட்கும் ஏஆர்பி பொதி: ஈதர்நெட் தலைப்பு 14, ஏஆர்பி 28. 60 என்பது ஈதர்நெட்டின் மிகச் சிறிய பொதி, எஃப்சிஎஸ் (கடைசியில் வரும் சரிபார்ப்பு எண்) தவிர்த்து. ஆக, டிரைவர் முதலில் பொதியை மேப் பண்ணிவிட்டு, பிறகுதான் பூச்சியம் போட்டு 60 ஆக நீட்டியிருக்கிறது. விடுவிக்கும்போது எஸ்கேபியின் (கேர்னல் பொதியை வைத்திருக்கும் கட்டமைப்பு) புதிய நீளத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறது. சாதாரண எக்ஸ்86 கணினியில் இது ஒன்றும் செய்யாமல் வருடக்கணக்கில் ஓடும். மருந்து இரண்டு: நீட்டுவதை மேப்புக்கு முன்னால் செய்ய வேண்டும், மேப் பண்ணிய முகவரியையும் நீளத்தையும் டிஸ்கிரிப்டருக்குப் பக்கத்தில் தனியாகக் குறித்து வைத்து, அன்மேப்புக்கு அந்த எண்ணையே கொடுக்க வேண்டும். எஸ்கேபியிடம் மறுபடி கேட்கக் கூடாது. புதிய டிரைவரில் இந்தப் பிழையைக் காண பிங் ஒன்று போதும், ஏனென்றால் முதலில் போவதே ஏஆர்பிதான்.

ஆனால் இந்த வசதி கணக்குப்பிள்ளை மட்டுமே. கார்ட் உண்மையில் எங்கே எழுதியது என்று அதற்குத் தெரியாது. கேர்னலின் நினைவகப் பிழை தேடும் கேஏசானுக்கும் தெரியாது, அது சிபியூ செய்வதை மட்டும் பார்க்கும். கார்டைக் கையும் களவுமாகப் பிடிக்க, அது தொடும் முகவரிகளைக் காவல் காக்கும் வன்பொருளான ஐஓஎம்எம்யூ வேண்டும், அதாவது விடி-டி உள்ள மதர்போர்ட். பூட் வரியில் இன்டெல்_ஐஓஎம்எம்யூ=ஆன் என்பதோடு ஐஓஎம்எம்யூ.ஸ்ட்ரிக்ட்=1 என்பதையும் கட்டாயம் சேருங்கள். ஸ்ட்ரிக்ட் இல்லாவிட்டால் அன்மேப் ஆன முகவரி கொஞ்ச நேரம் திறந்தே கிடக்கும்; விடுவித்த பஃபரில் கார்ட் எழுதினாலும் யாரும் கத்த மாட்டார்கள்.

ஐஓஎம்எம்யூ பிடிக்கும் முக்கியமான பிழை, மொடியூலைக் கழற்றும்போது வருவது. ரிசீவை நிறுத்தாமல் பஃபர்களை விடுவித்துவிட்டால், வலையில் யாராவது ஒரு பிராட்காஸ்ட் அனுப்பியதும் கார்ட் பழைய முகவரியில் எழுதப் பார்க்கும். டிஎம்ஏஆர் என்று தொடங்கும் வரியில் 03:00.0 போன்ற கார்டின் இடமும், தொட முயன்ற முகவரியும், காரணம் 05 என்பதும் வரும். 05 என்றால் எழுத அனுமதி இல்லை. 06 என்றால் வாசிக்க அனுமதி இல்லை, அதாவது அனுப்பும் பக்கத்தில் தேடுங்கள். புதிய கேர்னல்களில் டிஎம்ஏ-ஏபிஐ அடைவில் உள்ள டம்ப் கோப்பு அந்த நேரத்து மேப்புகளைக் காட்டும். முகவரி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் விடுவித்தது. இருந்தால் திசையைப் பிழையாகக் கொடுத்திருக்கிறீர்கள். சரியான ஒழுங்கு இதுதான்: ரிசீவை அணை, கார்டை ரீசெட் செய், இன்டரப்ட்டை விடு, அதற்குப் பிறகே அன்மேப்.

ஐஓஎம்எம்யூவுக்கும் கண் மங்கல் உண்டு. அது 4096 பைட் பக்கமாகத்தான் காவல் காக்கும். 2048 பைட் பஃபர் இரண்டை ஒரே பக்கத்தில் வைத்தால் முதல் பஃபர் வழிந்து இரண்டாவதில் கொட்டுவதை அது பார்க்காது. சோதனைக்கு மட்டும் பஃபருக்கு ஒரு முழுப் பக்கம் எடுத்து, பின்பாதியில் வையுங்கள். வழிந்தால் பக்க எல்லையைத் தாண்டும். பக்கத்து முகவரியில் வேறொரு மேப் இருந்தால் அதுவும் தப்பிவிடும் என்பதால், பஃபர் முழுவதையும் ஹெக்ஸ் 55ஆல் நிரப்பிவிட்டுக் கார்டிடம் கொடுங்கள். எந்தப் பைட்டுக்கு மேல் 55 அப்படியே நிற்கிறது என்பதை டிஸ்கிரிப்டர் சொல்லும் நீளத்தோடு ஒப்பிட்டால் மிச்சம் புரியும்.

இந்தக் கார்ட் மூடி மறைப்பவற்றுக்கு வருவோம். எக்ஸ்86இல் கேஷும் டிஎம்ஏயும் ஒத்துப்போவதால், சிங்க் அழைப்பு (கேஷையும் நினைவகத்தையும் ஒத்துப்போக வைப்பது) ஒன்றையும் எழுதாத டிரைவர்கூட இதில் ஜம்மென்று ஓடும். அதை வெளியே கொண்டுவர எஸ்டபிள்யூஐஓடிஎல்பி=ஃபோர்ஸ் என்று பூட் பண்ணுங்கள், ஐஓஎம்எம்யூவை அணைத்துவிட்டு; இரண்டையும் ஒரே பூட்டில் கலந்தால் இது வேலை செய்யாது. இப்போது கார்ட் எழுதுவது ஒரு இடைப் பஃபரில். சிங்க் அல்லது அன்மேப் வந்தால்தான் உங்கள் பஃபருக்குப் பிரதியாகும். மறந்திருந்தால் பொதிக்குப் பதில் 55 55 55 என்று நிற்கும். அழகான சோதனை, செலவும் இல்லை.

மேப் தோல்வியைச் சோதிக்கவும் இதே வழிதான்: 512,ஃபோர்ஸ் என்று கொடுத்தால் இடைப் பஃபர்க் குளம் 1 எம்பி ஆகிவிடும் (ஒரு துண்டு 2 கேபி). ரிசீவ் ரிங்கை 1024 ஆக்கினால் அதற்கே 2 எம்பி வேண்டும், மேப் தோற்றே தீரும். இதை நிஜக் கணினியில் செய்யாதீர்கள், ஹார்ட் டிஸ்க்கும் அதே குளத்தில்தான் தண்ணீர் அள்ளும். மெய்நிகர்க் கணினியை ஓட்டும் கியூஎம்யூவுக்குள் செய்யுங்கள். அதன் ஈ1000ஈ என்பது இதே 82574எல்லின் நகல், அங்கே விர்ட்டியோ டிஸ்க் இயல்பாக இந்தக் குளத்தைத் தொடாது. டெஸ்க்டொப் இல்லாமல் மடிக்கணினி மட்டும் வைத்திருக்கும் கோணேசபுரி வளாக மாணவர்கள் கார்ட் வாங்காமலே இதில் பாதித் தூரம் போகலாம். மறுபாதி வராது: நகலில் வாலை எழுதிய அதே கணத்தில் பொதி போய்விடுகிறது, நிஜக் கார்ட் தன் நேரத்தில்தான் எடுக்கும்.

பெரிய குறை, நினைவகத்தில் எழுதும் வாசிக்கும் வரிசை ஒழுங்கில். 82574எல்லில் வேலை கொடுப்பது வால் ரெஜிஸ்டர் வழியாக. ஆர்ம் கணினியில்கூட, ரெஜிஸ்டரில் எழுதும் ரைட்எல் தன்னோடு ஒரு தடையைக் கொண்டுவரும். ஆகவே அனுப்பும் பக்கத்தில் டிஎம்ஏ_டபிள்யூஎம்பி (எழுதும் வரிசையைக் காக்கும் தடை) விட்டுப்போனாலும் பிழை தெரியாது. ரியல்டெக் 8168 வேறு ஜாதி: டிஸ்கிரிப்டரிலேயே அது இப்போது கார்டுடையதா டிரைவருடையதா என்று சொல்லும் சொந்தப் பிட் ஒன்று, முதல் 32 பிட் சொல்லின் 31ஆம் பிட். முகவரியை எழுதுமுன் அந்தப் பிட் நினைவகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் கார்ட் பழைய முகவரியை எடுத்துக்கொள்ளும். பொதி வாங்கும் பக்கத்தில் மட்டும் இன்டெல்லும் இந்தப் பாடத்தைச் சொல்லித்தரும்: "முடிந்தது" பிட்டைப் பார்த்த பின், நீளத்தை வாசிக்குமுன், டிஎம்ஏ_ஆர்எம்பி (வாசிக்கும் வரிசைக்கான தடை) வேண்டும். எக்ஸ்86இல் இவை கம்பைலர் தடை மட்டுமே. பிழையைக் கண்ணால் பார்க்க ராஸ்பெரி பை சிஎம்4 ஐஓ போர்ட் போல பிசிஐஇ ஸ்லாட் உள்ள ஆர்ம் போர்ட் வேண்டும்.

இன்னொன்று, இல்லாத பிழையைத் தேடி நாள் போகாமல் இருக்க: கேர்னலோடு வரும் ஈ1000ஈ டிரைவர் இந்தச் சிப்புக்கு ஏஎஸ்பிஎம் (பிசிஐஇ இணைப்பின் மின்சேமிப்பு) எல்0எஸ், எல்1 இரண்டையும் அணைத்துவிடுகிறது. உங்கள் டிரைவர் அணைக்காது. கார்ட் திடீரென்று மௌனமானால், டிஎம்ஏயைச் சந்தேகிக்குமுன் பூட் வரியில் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்.பொலிசி=பெர்ஃபோமன்ஸ் போட்டுப் பாருங்கள். நினைவகம் கெட்டால் கணினி லொக் எழுதவும் நேரமின்றி விழும்; மதர்போர்டில் உள்ள மற்றப் போர்ட் வழியாக நெட்கொன்சோல் (கேர்னல் செய்திகளை வலையில் இன்னொரு கணினிக்கு அனுப்புவது), அல்லது சீரியல் கேபிள், முதல் நாளிலேயே தயாராக இருக்கட்டும்.

ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று வரிசை ஒழுங்குக்காக. அதற்கு அந்தக் கடைக்காரர் முதலில் நீட்டிய ரியல்டெக் கார்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.