மடிப்பு சைக்கிளில் கியர் இறுகினால்: கேபிள் உறையை மாற்றி ஓட்டிய அனுபவம்

பிடோக்கில் வீடு, நகர மையத்தில் வேலை. வீட்டிலிருந்து எம்ஆர்டி நிலையம் வரை சைக்கிள், அங்கே மடித்து ரயிலில் ஏற்றி, இறங்கியதும் மறுபடி விரித்து அலுவலகம் வரை சைக்கிள். சிங்கப்பூரில் 2016 டிசம்பரிலிருந்து நாள் முழுக்க மடிப்பு சைக்கிளை ரயிலில் கொண்டுபோகலாம். மடித்தால் 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். 20 அங்குலச் சக்கர வண்டிகள் பெரும்பாலும் அடங்கிவிடும். என்னுடையதும் அப்படி ஒன்று. அலுமினியச் சட்டம், பின்னால் 8 கியர், கைப்பிடியை முறுக்கி மாற்றும் ஷிஃப்டர். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். நான் சொல்லப்போகும் தொல்லை மடிப்பு வண்டி எதற்கும் வரக்கூடியது.

வாங்கிய புதிதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பிறகு கியர் கொஞ்சம் கொஞ்சமாக இறுக ஆரம்பித்தது. ஒரே நாளில் வரும் கோளாறு என்றால் உடனே தெரிந்துவிடும். இது நாளுக்கு நாள் கூடுவதால் கை அதற்கேற்பப் பழகிக்கொண்டே போகிறது. அலுவலக நண்பர் ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, துருப்பிடிச்ச தண்ணிக் குழாய் மாதிரி முறுக்க வேண்டியிருக்கு" என்றார். அதன்பிறகுதான் கவனித்தேன்: கட்டைவிரல் அடியில் எப்போதும் ஒரு வலி, வியர்த்த கைக்குப் பிடி வழுக்குகிறது, பெரும்பாலும் ஐந்தாவது கியரிலேயே எல்லாப் பாதையையும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஊர் தட்டையானது, கியர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்ப வேண்டும். போதாததற்குச் சுரங்க நடைபாதைகளின் ஏற்றம். சிறிய கியரின் அருமை அங்கேதான் தெரியும்.

கடையில் காட்டியபோது ஷிஃப்டர், டீரெய்லியர் (பின்சக்கரத்தருகே செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்) இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். செலவு வண்டி விலையில் கணிசமான பங்கு. பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. யார் வேண்டுமானாலும் செய்யலாம், 5 மி.மீ. அலன் கீ ஒன்று போதும். செயினை ஆகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, ஷிஃப்டரிலிருந்து உறைக்குள் ஓடிவரும் கேபிள் கம்பியை டீரெய்லியரில் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்திவிடுங்கள். இப்போது டீரெய்லியர் தனி, ஷிஃப்டரும் கேபிளும் தனி. டீரெய்லியரைக் கையால் உள்பக்கம் தள்ளி விட்டால் ஸ்பிரிங் வேகத்தில் டக்கென்று திரும்ப வேண்டும், என்னுடையது திரும்பியது. அடுத்து, கம்பியின் முனையை லேசாக இழுத்துப் பிடித்தபடி ஷிஃப்டரை முறுக்கினேன். இறுக்கம் அப்படியே இருந்தது. மிச்சம், ஷிஃப்டரா கேபிளா என்ற கேள்விதான். கைப்பிடி அருகே உறையைக் கழற்றி, கம்பியை நேராக இழுத்துப் பிடித்துத் திருப்பியதும் ஏழு கிளிக்கும் சிறுவிரல் பலத்தில் விழுந்தன. ஆக, மாற்றச் சொன்ன இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. உறைக்குள் கம்பியை முன்னும் பின்னும் இழுத்தால் மணலில் தேய்கிற மாதிரி நரநரப்பு.

பழைய கம்பியை உருவியபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. கைப்பிடித் தண்டு மடியும் மூட்டுக்கு நேராக வரும் இடத்தில் மட்டும் விரலளவு நீளத்துக்கு இழைகள் தேய்ந்து பளபளத்தன. அதற்குக் கீழே பழுப்பு நிறத்தில் துருப்பொடி. அந்த இடத்து உறையை வெட்டிப் பிளந்தால், உள்ளே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் குழல் கிழிந்து, கம்பி நேரடியாக இரும்பில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. சாதாரண சைக்கிளில் கேபிள் ஒரு தடவை வளைத்து வைத்த வளைவிலேயே காலம் முழுக்க இருக்கும். மடிப்பு வண்டியில் ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் அதே இடத்தில் மடங்கி நிமிர்கிறது. உயரமான தண்டு என்பதால் கேபிளின் நீளமும் அதிகம். சக்கரம் சின்னது, அதனால் டீரெய்லியர் தரைக்கு மிக அருகில். தேங்கிய தண்ணீர், ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கின் உப்புக்காற்று, மணல் எல்லாம் கடைசி வளைவின் வாயில்தான் போய்ச் சேரும்.

கைப்பிடியில் மட்டும் பலம் வேண்டியிருக்கிறது என்பதோடு இது முடிவதில்லை. 8 கியர் ஷிமானோ அமைப்பில் ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் இழுக்கும் கம்பி சுமார் 2.8 மி.மீ.; அதற்கு டீரெய்லியர் பக்கவாட்டில் நகர வேண்டியது பல்சக்கர இடைவெளியான 4.8 மி.மீ. வழியில் அரை மில்லிமீட்டர் சிக்கிக்கொண்டாலே செயின் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே கடகடக்கும். பலரும் உடனே, உறை நுழையும் இடத்தில் கம்பியின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க இருக்கும் சரிக்கட்டும் திருகைத் திருக ஆரம்பிப்பார்கள். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கம்பியை இறுக்க வேண்டும், சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் தளர்த்த வேண்டும். ஏறவும் தயங்கி இறங்கவும் தயங்கினால்? ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். அப்போது திருகை விட்டுவிட்டு உறையைப் பாருங்கள். டீரெய்லியரில் எச் (H), எல் (L) என்று எழுதியிருக்கும் இரண்டு சின்னத் திருகுகள் பக்கமே போக வேண்டாம். அவை டீரெய்லியர் இரு ஓரங்களையும் தாண்டிப் போகாமல் தடுக்க மட்டும், இறுக்கத்தோடு அவற்றுக்குத் தொடர்பே இல்லை.

உறைக்குள் எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் சில நாள் லேசாகும். ஒரு மழை பெய்தால் பழைய கதை. கெட்டியான கிரீஸ் இன்னும் மோசம், தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

மாற்றியது 4 மி.மீ. கியர் உறையும், 1.2 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும். முனை மூடிகளோடு சேர்த்து இருபது சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்தது. கடையில் பிரேக் உறையைத் தந்தால் வாங்காதீர்கள். அதில் உலோகப் பட்டை சுருளாகச் சுற்றியிருக்கும். இழுக்கும்போது சற்றே அமுங்கும், கியர் துல்லியம் போய்விடும். கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். ஆனால் கியர் உறையைப் பிரேக்குக்குப் போடுவது ஆபத்து, அழுத்தத்தில் பிளந்துவிடலாம்.

வேலையில் அதிக நேரம் பிடித்தது நீளம் பார்ப்பதுதான். பழைய உறையின் அளவுக்கே வெட்டிவிடலாம் என்று தோன்றும். பழையதே குட்டையாக இருந்து இழுபட்டதுதான் பாதிக் காரணம் என்பதை மறக்கக் கூடாது. வெட்டாத உறையை வண்டியில் தற்காலிகமாகக் கட்டி, பாதி மடித்து, முழுதாக மடித்து, விரித்து, கைப்பிடியை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தேன். மூட்டருகே எந்த நிலையிலும் வளைவு கூராகக் கூடாது. நீளம் கூடினாலும் தொல்லை, மடிக்கும்போது தொங்கி மூட்டின் வாயில் மாட்டும். பழையதைவிட இரண்டு விரற்கடை கூடுதலாக வைத்தது என் வண்டிக்குச் சரியாக இருந்தது. சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டைகளில் மூட்டுக்குப் பக்கத்தில் இருந்ததை மட்டும் தளர்வாக விட்டேன், கேபிள் அதனூடே நழுவிக்கொள்ளட்டும் என்று.

வெட்டுவதற்குக் கேபிள் கட்டர் வேண்டும். சாதாரணக் கட்டிங் பிளையரில் வெட்டினால் முனை நசுங்கி, உள்குழல் வாயை மூடிக்கொள்ளும். புது உறை போட்டும் இறுக்கம் போகவில்லை என்பவர்களின் வண்டியில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வெட்டியபின் முனையை அரத்தால் சமமாக்கி, தையல் ஊசியால் குழலின் வாயை வட்டமாகத் திறந்து, அதன்பிறகு மூடியைச் செருகினேன்.

முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. இரண்டு விரலால் முறுக்கினால் மாறுகிறது. புதுக் கேபிள் படிந்து உட்காரும் வரை சில வாரம் கியர் லேசாகத் தடுமாறியது. சரிக்கட்டும் திருகை உறை நுழையும் பக்கத்திலிருந்து பார்த்து இடஞ்சுழியாகக் கால் சுற்று, பிறகு இன்னொரு கால் சுற்று. அதன்பின் ஒரு முழு ஆண்டைத் தாண்டி, ஆண்டிறுதி மழைக்காலமும் கடந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மழைக்குப் பிறகு டீரெய்லியருக்கு முன்னால் உள்ள கடைசி வளைவில் மட்டும் நரநரப்பு திரும்பியது. முன்பே அந்தப் பகுதியைத் தனித் துண்டாக வைத்திருந்ததால் அதை மட்டும் மாற்றினேன். என் வண்டியின் சட்டத்தில் உறையின் முனை வந்து நிற்க ஒரு காது இருக்கிறது, அதனால்தான் தனித் துண்டாக வைக்க முடிந்தது. இல்லாத வண்டிகளில் முழு நீளத்தையும் மாற்றத்தான் வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. முறுக்குப் பிடியின் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கிறது, அதற்குக் கேபிள் என்ன செய்யும்? சிக்னலில் நின்றபடியே கியர் குறைக்கவும் முடியாது. அந்த வசதி வேண்டுமென்றால் சக்கர மையத்துக்குள்ளேயே கியர் உள்ள வண்டிதான் வாங்க வேண்டும், எடையும் விலையும் கூடும். மடிப்பு வண்டியில் கேபிள் உறை என்பது பிரேக் கட்டை மாதிரி தேயும் பொருள் என்று எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை, சொன்னால் நன்றாக இருக்கும். தினமும் மடிப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கம்பியை உருவிப் பார்ப்பது நல்லது. அடுத்த முறை நானும் முறுக்குப் பிடியை எடுத்துவிட்டு, அதே 8 கியருக்குப் பொருந்தும் விரல் ஷிஃப்டரைப் போட்டுப் பார்க்கப் போகிறேன். தண்டு மடியும்போது அது சட்டத்தில் இடிக்குமா என்பதை மட்டும் முதலில் அளக்க வேண்டும்.