காது மெஷின்: மூன்று வருடம் போட்ட பிறகு தெரிவது

காதுக்குப் பின்னால் மாட்டும் சாதாரண டிஜிட்டல் மெஷின், காது அச்சு எடுத்துச் செய்த மோல்டு, 13-ஆம் எண் பேட்டரி. தினமும் பத்து மணி நேரம் போடுகிறவருக்கு, விலை குறைந்த மெஷின்களில் நம் ஊர் வியர்வைக்கு நன்றாகத் தாக்குப்பிடிப்பது இந்த வடிவம்தான். காதுக்குள் மறையும் குட்டி மெஷினில் ஸ்பீக்கர் காதுக்குழாயிலேயே இருப்பதால் குறும்பியும் ஈரமும் நேராக அதில் போய் அடைக்கும்.

கடையில் முதலில் சேனல் கணக்குதான், அதாவது மெஷின் ஒலியை எத்தனை துண்டாகப் பிரித்துக் கையாள்கிறது என்றுதான், சொல்வார்கள். மூன்று வருடப் பயன்பாட்டில் அதைவிடப் பெரிய வித்தியாசம் தருவது புரோகிராமிங், அதாவது உங்கள் காதுக்கு ஏற்ப மெஷினின் ஒலியைச் சரிசெய்வது. "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்பவருக்குப் பெரும்பாலும் மேல் அலைவரிசை, அதாவது கீச்சென்ற ஒலிகள், கேட்பது குறைந்திருக்கும். உயிரெழுத்து காதில் விழும், வல்லினம் நழுவும். 'பத்து'வும் 'பட்டு'வும் ஒன்றாகிவிடும். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை எடுத்த ஆடியோகிராமை, அதாவது கேட்கும் திறன் சோதனையின் வரைபடத்தை, பார்த்து, குறைந்த இடத்தில் மட்டும் ஒலியை ஏற்ற வேண்டும். சில நூறு ரூபாய் ஆம்ப்ளிஃபயர் இதைச் செய்யாது. எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கும். பாத்திரம் விழுந்தால் மண்டையில் இடிக்கும்.

அதனால் பேரம் பேசும்போது விலையைவிட, மறு புரோகிராமிங் எத்தனை முறை இலவசம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வாங்கிய இரண்டு வாரத்தில் ஒன்று, இரண்டு மாதத்தில் ஒன்று, பிறகு வருடாவருடம் புது ஆடியோகிராமோடு ஒன்று அவசியம். காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் சேர்த்திருந்தால் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆடியோகிராம் எடுக்கலாம். 40 சதவீத ஊனச் சான்று இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்று மட்டும்: ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மெஷின் தேடாதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். நாள் தள்ளினால் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது.

ரிப்பேர் என்று வருவதில் பாதி ரிப்பேரே இல்லை. விசில் அடித்தால் மோல்டு சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் குறும்பி, அல்லது மெஷினையும் மோல்டையும் இணைக்கும் ட்யூபில் விரிசல். ட்யூப் மஞ்சளாகி விறைத்ததும், ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மாற்ற வேண்டும். சத்தம் விட்டுவிட்டு வந்தால் ட்யூபில் வியர்வைத் துளி நிற்கிறதா பாருங்கள். மோல்டை ட்யூபோடு மெஷினின் கொக்கியிலிருந்து கழற்றி, ரப்பர் பல்பால் ஊதினால் போய்விடும். வாயால் ஊதினால் இன்னும் ஈரம் சேரும். மோல்டை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம், மெஷினில் ஒரு சொட்டும் படக்கூடாது.

பேட்டரி காற்றை இழுத்து வேலை செய்வது. ஸ்டிக்கரை உரித்து இரண்டு மூன்று நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால்தான் முழு ஆயுள், அதாவது 10 முதல் 14 நாள் வரை, கிடைக்கும். திரும்ப ஸ்டிக்கர் ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரம் கோக்கும். இரவில் மெஷினைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் போடும்போது பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள், உள்ளே இருந்தால் அதுவும் காய்ந்துவிடும். மணிகள் நிறம் மாறியதும் மாற்றுங்கள். இந்த டப்பாவைத் தவிர்த்தவர்களின் மெஷின்தான் மழைக்காலத்தில் முதலில் சாகிறது.

மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் காக்க வேண்டும். கை நீளத் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே ஏறக்குறைய 85 டெசிபல் இருக்கும், எட்டு மணி நேரம்தான் எல்லை. 88 ஆனால் நான்கு மணி நேரம். தறிக்கூடத்தில் மெஷினை அணைத்துப் போட்டிருப்பது பாதுகாப்பு ஆகாது, பஞ்சும் ஆகாது. ஃபோம் அடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேல்நோக்கியும் பின்னோக்கியும் இழுத்து உள்ளே விட்டு, அது விரியும் வரை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை, எடுத்துத் திரும்பப் போடுங்கள்.