பிள்ளை பார்க்கப் பழக: ஆயாவிடமா, வகுப்பிலா, போனிலா?

கோத்தகிரிப் பக்கம் சீசன் தொடங்கினால், எட்டாவது ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளிடம் ஒரே கேள்விதான் வரும்: "சாயங்காலம் வரைக்கும் சின்னவனைப் பாத்துக்கிறியா கண்ணு?" பள்ளிக்கூடம் லீவு. அம்மாமார் காட்டேஜ் வேலைக்கும், கடைக்கும், இலை எடுக்கவும் போயாக வேண்டும். என் அக்கா மகளுக்கு இப்போது 13 வயது. அவளை எப்படிப் பழக்குவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது மூன்று வழிகள் கிடைத்தன: எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்து ஆயாவிடம் பழகுவது, முதலுதவி வகுப்பு, போனில் வீடியோ. மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 14 வயது நிரம்பாத பிள்ளையைச் சம்பளத்துக்கு வைக்கக் கூடாது. வீட்டு வேலைக்கு 2006லேயே தடை வந்துவிட்டது, 2016 திருத்தம் அதை எல்லா வேலைக்கும் விரித்தது. சொந்த வீட்டில், படிப்பு கெடாமல், தம்பி தங்கையைப் பார்ப்பதற்குத் தடை இல்லை. ஆகவே 12, 13 வயது என்பது காசு வாங்கும் வயதல்ல, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது கூடமாட நின்று பழகும் வயது.

போன் வழி சுலபம். டயப்பர் மாற்றுவதையும் பச்சைக் குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடிப்பதையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் வீடியோவில் இருக்கும் பொம்மை முக்கால் மணி நேரம் விடாமல் அழுவதில்லை. அதில் வரும் வீடும் நம் வீடல்ல. அங்கே கட்டில், உயர நாற்காலி. இங்கே சேலையில் கட்டிய தூளி. தூளியில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் முறுக்கி விளையாடினால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் என்பதை வெளிநாட்டு வீடியோ ஏன் சொல்லப் போகிறது? போனைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஆயா வழிதான் எனக்குப் பிடித்தது. 50 அல்லது அதற்கு மேல் பெண்கள் வேலை செய்யும் எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. இலங்கையிலிருந்து வந்த பாட்டிமார் அதைப் பிள்ளைக்காம்பரா என்பார்கள். அங்கே நாலு காலை ஆயாம்மாவின் கூடவே நின்றால், பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று காதுக்குப் பிடிபட்டுவிடும். குளிரா என்று பார்க்கக் குழந்தையின் கையைத் தொடக் கூடாது, பிடரியைத் தொட வேண்டும் என்று அக்கா மகள் அங்கேதான் கற்றாள். கை எப்போதும் சில்லென்றுதான் இருக்குமாம். ஒரு வாசலில் நின்றபடியே எட்டுப் பிள்ளைகளை எண்ணும் கண்ணும் அங்கே வரும். அழுகிற குழந்தையிடம் கோபம் வருவது இயல்பு, வந்தால் பாதுகாப்பாகப் படுக்க வைத்துவிட்டு இரண்டு நிமிடம் தள்ளி நிற்கலாம், எந்தக் காரணத்துக்கும் குழந்தையை உலுக்கக் கூடாது என்று ஆயாம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஆனால் அனுபவம் எல்லாவற்றிலும் சரியாக இருப்பதில்லை. சூடுபட்டால் டூத்பேஸ்ட், நாக்கில் தேன், தொண்டையில் ஏதாவது சிக்கினால் விரலை விட்டுத் துழாவுவது. மூன்றுமே தவறு. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. இந்த இடத்தில்தான் முதலுதவி வகுப்பு முந்துகிறது. பள்ளியில் ஜே.ஆர்.சி. (இளஞ்செஞ்சிலுவைச் சங்கம்), சாரணர் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மூச்சு அடைத்தால், தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. வெளியே வராவிட்டால் திருப்பி நெஞ்சில் 5 அழுத்து. அடைப்பு போகும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். படித்தால் போதாது, பொம்மையில் கை பழக வேண்டும். சூடுபட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். எங்கள் ஊர்த் தண்ணீர் ஜனவரியில் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, அதனால் மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்திக்கொண்டே செய்ய வேண்டும். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 11 வயதிலிருந்தே பிள்ளை பார்ப்பதற்கென்று தனி வகுப்பு நடத்துகிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் ஆசை.

மலைக்கே உரிய ஆபத்துகளைப் பொதுவான வகுப்பும் போனும் சொல்லித்தருவதில்லை. குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அப்படித் தூக்கத்திலேயே போனவர்கள் உண்டு. பிள்ளை இருக்கும் அறையில் அந்த அடுப்பு வேண்டவே வேண்டாம். இருட்டத் தொடங்கினால் குழந்தையைத் தேயிலைக் காட்டு ஓரம் கூட்டிப் போகக் கூடாது. கரடியும் காட்டெருமையும் லைன் (எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசை) வரைக்கும் வருகின்றன. 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பக்கம் அம்மாவோடு நடந்துவந்த 3 வயதுக் குழந்தையையே சிறுத்தை கொன்றது. இதெல்லாம் அந்தந்த ஊர்ப் பெரியவர்கள் வாயால்தான் வர வேண்டும்.

ஒரு வழிதான் முடியும் என்றால் ஆயாவிடம் அனுப்புங்கள். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் முதலுதவி வகுப்பு. அக்கா மகளுக்கு அந்த வரிசையில்தான் செய்தோம். அடுத்த வருடம் அவளுக்கு 14 நிரம்புகிறது. அதற்குப் பிறகு யாராவது கேட்டால், பள்ளி லீவில், பகலில், பக்கத்து வீட்டில் பெரியவர் இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்வாள். அதற்கென்று ஒரு அட்டை எழுதி வைத்திருக்கிறாள்: 108, குழந்தைகள் உதவி எண் 1098, குழந்தையின் அம்மா நம்பர். நாலாவதாக, கீழ் லைனில் ஜீப் வைத்திருக்கும் அண்ணன் நம்பர். எங்கள் வளைவுகளில் ஆம்புலன்ஸ் ஏறிவர நேரமாகும், அவர் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார்.